கால் சுற்று

பதினோராம் வகுப்புக்குத் திருப்புத்திறனும் உராய்வும் 22 வருடமாக நடத்திக்கொண்டிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வருவதையெல்லாம் படித்துவிட்டு, இவனுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் பரிதாபப்பட வேண்டாம்.

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. 1985இல் இந்தியாவுக்கு வந்து 1996இல் நிறுத்தப்பட்ட வண்டி. என்னுடையது 1994 மாடல். நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாவதற்கு மூன்று வருடம் மூத்தது. அப்பா ஓட்டியது. "அவரு ஓட்டுனப்ப ஒரு சத்தமும் இருக்காது" என்பாள் அம்மா. நான் பதில் பேசுவதில்லை.

சத்தம் என்றால் ஒரே ஒரு "டக்". முன் பிரேக்கைப் பிடித்தால் வரும். ராசிபுரத்துக்குள் எத்தனை வேகத்தடை உண்டோ அத்தனை டக். முன் சாக்கப்சரில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, ஆயில் சீல் மாற்றினேன். சத்தத்துக்கும் ஆயில் சீலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் செலவு செய்த பாவத்துக்கு, சத்தம் குறைந்துவிட்டதாக ஒரு வாரம் வீட்டில் சாட்சி சொன்னேன்.

பிறகு கூடப் பணியாற்றும் கணக்கு வாத்தியார்தான் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து, முன் சக்கரத்தைத் தூக்கச் சொன்னார். போர்க்கின் அடிப்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால், மேலே ஹேண்டில்பார் கழுத்தில் அந்த டக் கையில் தட்டியது. கோன் செட், அதாவது அந்தக் கழுத்துக்குள் இருக்கும் பால் பேரிங், லூஸ். இயற்பியலைக் கணக்கு கண்டுபிடித்தது எனக்கு அவமானமாக இருந்தது. சரிசெய்வதையாவது நானே செய்வது என்று அன்றே தீர்மானித்தேன்.

ரிங் நட்டை முடுக்க சி ஸ்பேனர் வேண்டும். என்னிடம் இல்லை. உளியும் சுத்தியலும் இருந்தன. நட்டின் வெட்டில் உளியை வைத்து நாலு தட்டு தட்டினேன். ஆட்டிப் பார்த்தேன், டக் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு தட்டு. என் வாழ்க்கையில் கெட்டுப்போன பொருள்களில் பாதி, இந்த "எதற்கும் இருக்கட்டும்" தட்டில் போனவை.

மறுநாள் காலை வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. நேராகப் போகிற இருசக்கர வண்டி உண்மையில் நேராகப் போவதில்லை. கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம் என்று ஹேண்டில்பார் தானாகவே திருத்திக்கொண்டே போகும், நமக்குத் தெரியாது. கோன் செட் இறுகிவிட்டால் அந்தத் திருத்தம் நின்றுவிடும். வண்டி சாய்வது நமக்குத் தாமதமாகத் தெரியும், திருப்புவோம், அதிகமாகத் திரும்பும், மறுபக்கம் இழுப்போம். மெதுவாகப் போகும்போது இது இன்னும் மோசம். ஆண்டகளூர் கேட்டில் முட்டை லாரிக்குப் பின்னால் நான் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன்.

காவலர் ஓரம் கட்டச் சொன்னார். காலை எட்டே முக்கால். "ஊதுங்க."

ஊதினேன். கருவி சுழியம் காட்டியது. அவருக்கு அதில் திருப்தியில்லை. "அப்பறம் ஏனுங்க இப்படி வர்றீங்க?" கோன் செட் டைட் என்றேன். இன்னொரு தடவை ஊதச் சொன்னார். எதிர் டீக்கடையில் என் வகுப்புப் பையன் ஒருவன் நின்றிருக்கிறான். அன்று உராய்வுப் பாடம் நடத்தும்போது பின்வரிசையில் யாரோ நீளமாக ஊதினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ரிங் நட்டைச் சரியாகத் தளர்த்தினேன். இதைச் சத்தியமாகச் சொல்ல முடியும். ஹேண்டில்பார் வெண்ணெய்போலத் திரும்பியது. அதற்குப் பிறகு மேலிருக்கும் டாப் நட்டை முழு பலத்தோடு இறுக்கினேன். டாப் நட் இறுகும்போது மேல் தகட்டைக் கீழே அழுத்தும், ரிங் நட்டின் மரையில் இருக்கும் இடைவெளியும் போய்விடும், பால் ரேஸ் மறுபடி இறுகும். ஆகவே டாப் நட்டை இறுக்கிய பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. மறுநாள் அதே இடம், அதே காவலர். இம்முறை ஊதச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அது முதல்நாளைவிட வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கழற்றிவிட்டேன். கழுத்துக்கு அடியில் துணி விரிக்க வேண்டும் என்று தெரியாது. போர்க் கீழே இறங்கியதும் பால்ஸெல்லாம் வாசலில் உருண்டன. மேல் ரேஸுக்கு எத்தனை, கீழ் ரேஸுக்கு எத்தனை என்று எண்ணியிருக்கவும் இல்லை. ஒன்றை நாட்டுக்கோழி கொத்தி விழுங்கியதை மகள் பார்த்தாளாம். கோழியை அறுத்துப் பார்க்க மனைவி சம்மதிக்கவில்லை; அது முட்டை வைக்கிற கோழி.

எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, வண்டியைக் குட்டியானையில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அண்ணன் பழைய ரேஸைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். பணியாரச் சட்டி மாதிரி வரிசையாகக் குழி. சக்கரத்து பேரிங்கைப்போல இது முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. சேலம் போகிற நேர்ச்சாலையில் பால்ஸ் அதிகம் அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு பள்ளமும் அதே இடத்தில் அடிக்கும். சுவீடன் நாட்டு பிரினெல் 1900இல் எஃகு உருண்டையை உலோகத்தில் அழுத்தி, விழும் குழியை அளந்து கடினத்தன்மை கண்டார். அதே சோதனையை நெடுஞ்சாலை 30 வருடமாக என் அப்பா வண்டியில் நடத்தியிருக்கிறது. இந்தக் குழியோடு எவ்வளவு முடுக்கினாலும் பயனில்லை. புது செட்தான்.

அவர் முட்டை அட்டை இரண்டை எடுத்தார். மேல் பால்ஸ் ஓர் அட்டையில், கீழ் பால்ஸ் இன்னொன்றில், குழிக்கு ஒன்று. 30 குழி இருப்பதால் எண்ணுகிற வேலையும் மிச்சம். கிரீஸ் தடவி ரேஸில் ஒட்டவைத்து, போர்க்கை ஏற்றி, ரிங் நட்டை இறுக்கி, கால் சுற்று பின்னால் தளர்த்தினார். டாப் நட்டை முடுக்கிவிட்டு ரிங் நட்டை மறுபடி ஒரு சிட்டிகை தளர்த்தினார். சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பார் நுனியை ஒரு விரலால் தொட்டார். அது தன் பாட்டுக்குச் சாய்ந்து கடைசிவரை போய் நின்றது.

அப்புறம் பழைய ரிங் நட்டைக் கையில் எடுத்தார். உளி பட்ட இடமெல்லாம் எலி கடித்ததுபோல் இருந்தது.

"யாருங்க சார் இதுல கை வெச்சது?"

"சேலத்துல ஒருத்தருங்கண்ணா" என்றேன்.

அந்த ஒருத்தரைக் கால் மணி நேரம் திட்டினார். தொழில் தெரியாதவன், காசுக்கு ஆசைப்பட்டவன், வாத்தியார் வண்டி என்றுகூடப் பார்க்காதவன். ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன். நடுவில் ஒருமுறை, அவர் விட்டுப்போன ஒன்றை நானே எடுத்துக்கொடுத்தேன்: "ஆயில் சீலும் சும்மா மாத்திட்டானுங்கண்ணா."