ஊசிக்கதை சொல்வது எப்படி?

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கிளினிக் மட்டும் வேண்டாம். அங்கே மிஸ்ஸி இருப்பார், கேட்டால் பதில் சொல்லிவிடுவார், கதை அங்கேயே முடிந்துபோகும். கல்லடியிலோ ஆரையம்பதியிலோ புலமைப்பரிசில் வகுப்பு நடக்கிற ரியூசன் வாசல்தான் தோதான இடம். பின்னேர நேரம், மரநிழல், ஸ்கூட்டிகளில் சாய்ந்தபடி தாய்மார். உள்ளே கணக்கு முடியும்வரை ஒருவருக்கும் வேறு வேலையில்லை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் படகுப்பாதையில் போகும்போதும் முயலலாம். நடு ஆற்றில் யாரும் எழுந்து போய்விட முடியாது.

தொடக்கம் பணிவாக இருக்கட்டும். "அக்கா, ஆறாம் ஆண்டில பொம்புளப் புள்ளைகளுக்கு ஒரு ஊசி போடுறாங்களாமே? நான் ஊசிக்கு எதிரில்லகா, சும்மா கேக்கிறன். பொறகு புள்ள தங்காதாமே?" இவ்வளவு போதும். 2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் போடப்படும் அந்த ஊசி கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கானது என்று யாராவது சொன்னால், "அப்படித்தான் சொல்லுவாங்க" என்று ஒரு பெருமூச்சு விடுங்கள். பெருமூச்சுக்கு இன்னும் எவரும் மறுப்புக் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் 2018 பெப்ரவரியில் அம்பாறையில் நடந்ததை யாரும் நினைவுபடுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைச் சாப்பாட்டில் பிள்ளையில்லாமல் ஆக்கும் மாத்திரை கலந்திருக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பி, அந்த இரவே முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்ததில் அது வெறும் மாவுக்கட்டி. "புள்ள தங்காதாம்" என்ற பேச்சு எவ்வளவு தூரம் ஓடும் என்பது நம் பக்கத்து ஆட்களுக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்தது, கதையை எங்கே நிறுத்துவது என்ற நுட்பம். 2008 ஜனவரியில் ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி அறிமுகமானது. சில குழந்தைகள் இறந்ததாக முறைப்பாடு வந்ததும் ஏப்ரலிலேயே அரசு அதை நிறுத்தியது. இதைக் குரலைத் தாழ்த்திச் சொல்லி, அங்கேயே நிறுத்துங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் வந்து ஆராய்ந்ததையும், சாவுக்கு ஊசிதான் காரணம் என்று நிறுவப்படாததால் 2010இல் அது திரும்ப வந்ததையும் தொடவே கூடாது. ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற கதையும் அப்படித்தான். 1998இல் வேக்ஃபீல்டு என்ற ஆங்கில வைத்தியர் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையைச் சொல்லலாம். 'லான்செட்' இதழ் அதைத் திரும்பப் பெற்றதைச் சொல்லக்கூடாது. அதுவும் 2010இல்தான். பொதுவாகவே 2010 உங்களுக்கு ராசியில்லாத வருடம்.

கூட்டத்தில் வயதான பெண்கள் இருந்தால் பேச்சை மாற்றிவிடுங்கள். இளம்பிள்ளைவாதத்தில் கால் சூம்பிப்போன பிள்ளையை அவர்கள் கண்ணால் கண்டிருப்பார்கள். சண்டைக் காலத்திலும் போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் இரு தரப்பும் சுடாமல் இருக்க இணங்கியதையும் அவர்கள் மறக்கவில்லை. 1993க்குப் பிறகு நாட்டில் போலியோ இல்லை என்பதால்தான் உங்கள் கதைக்கு இன்று இவ்வளவு இளம் ரசிகைகள்.

மடியில் கைக்குழந்தை வைத்திருப்பவர்களையும் தவிர்க்கவேண்டும். 2019இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட சின்னமுத்து 2023இல் திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் ஒன்பது சுகாதார மாவட்டங்களில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மேலதிகமாக ஓர் ஊசி போட்டார்கள். அந்தப் பட்டியலில் பெரியகல்லாற்றுக்கு அப்பால் இருக்கிற கல்முனையும் இருந்தது. சின்னமுத்து ஊசி வழக்கமாக ஒன்பதாம் மாதத்தில்தான். அதுவரை அந்தக் குழந்தைக்குக் காவல், சுற்றியிருக்கிற பிள்ளைகள் போட்டிருக்கும் ஊசிதான். ரியூசன் வாசலில் நீங்கள் கலைப்பது அந்தக் காவலை. தாய் இதைக் கணக்குப் பார்த்துவிட்டால் உங்கள் பாடு கஷ்டம்.

முக்கியமான எச்சரிக்கை: உங்கள் பிள்ளையின் கிளினிக் கொப்பியை எவர் கண்ணிலும் படவிடாதீர்கள். பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறீர்களே, அதேதான். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. தொடங்கி ஒரு கட்டம் தவறாமல் திகதி விழுந்திருக்கும். கதை சொல்லிகள் தங்கள் பிள்ளைக்கு எல்லா ஊசியும் போட்டுவிட்டுத்தான் வாசலுக்கு வருகிறார்கள் என்பது தொழில் இரகசியம்.

உண்மையாகவே பயம் இருக்கிறவர்களுக்கு இந்த வழிகாட்டி உதவாது. முந்தைய ஊசிக்குப் பிறகு வலிப்பு வந்ததா, தொடை வீங்கிக் கட்டிப்போனதா, காய்ச்சல் விடவேயில்லையா? அதைக் கேட்க வேண்டியது மிஸ்ஸியிடம், இல்லாவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரியிடம். ஊசிக்குப் பிந்திய பாதிப்புகளைப் பதிந்து மேலிடத்துக்கு அனுப்பும் முறை இங்கே 1996 முதல் இருக்கிறது. 2008இல் அந்த ஐந்து நோய் ஊசி நின்றதும் பெற்றோரும் வைத்தியர்களும் உரிய இடத்தில் சொன்னதால்தான். அடுத்த கிளினிக் நாளில் கொப்பியை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.