ஆறு மணி நேரக் கெடு

கேள்வி: இறந்த உடலை உறையவைத்தால் பிற்காலத்தில் உயிர்ப்பிக்கலாம் என்கிறார்களே! உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறவர்கள் அதற்கு எப்படித் தயாராவது?

— ஒரு வாசகர், உத்திரமேரூர்

பதில்: முதன்முதலில் அப்படி உறையவைக்கப்பட்டவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு. 1967-இல் இறந்த அவர் உடல் இன்றும் அரிசோனாவில், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கிறது. இதுவரை உறைந்தவர் ஒருவரும் எழுந்து வரவில்லை. அதற்கும் மூச்சு நின்ற கையோடு குளிர்விக்க வேண்டும். நம் கிராமத்துக்கு வாடகை ஐஸ் பெட்டி வந்து சேரவே விடிந்துவிடும்!

ஆனால், நம்மில் ஒரு பகுதி பிழைத்திருக்க நிச்சயமான வழி உண்டு: கண்தானம். கெடு ஆறு மணி நேரம்.

மரணம் நேர்ந்ததும், அழுகைக்கு நடுவே யாராவது ஒருவர் மின்விசிறியை நிறுத்துங்கள். காற்றில் கருவிழி காய்ந்துவிடும். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்கு ஒரு தலையணை கொடுங்கள். உடனே கண் வங்கிக்குப் போன் செய்யுங்கள். குழு வீட்டுக்கே வரும். சுமார் இருபது நிமிட வேலை, முகம் மாறாது. கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர், சர்க்கரை நோயாளிகூடத் தரலாம். அருகிலுள்ள கண் வங்கியின் எண்ணை இன்றே காலண்டர் பக்கத்தில் எழுதி, வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்.

உங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் 1,100 ஆண்டாக நிற்கும் குடவோலைக் கல்வெட்டை, நாளை ஒரு பிள்ளை உங்கள் கண்ணால் படிக்கட்டும். அதைவிடப் பெரிய மறுபிறவி ஏது?