லேத் உபாசகர்

கோயம்புத்தூரில் சங்கீத ரசிகர்களும் இருக்கிறார்கள், சேவல் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எந்த ஊரிலும் அகப்படுவார்கள். ஆனால் பைகாரா மின்சாரம் 1930-களில் நீலகிரியிலிருந்து இறங்கி வந்து, அதன் கிருபையால் பஞ்சாலையும் பம்பு மோட்டாரும் பெருகி, பீளமேட்டிலும் கணபதியிலும் திரும்பிய இடமெல்லாம் லேத் பட்டறை முளைத்துவிட்ட இந்த ஊருக்கென்றே ஒரு பிரகிருதி உண்டு. அவரைத்தான் நான் லேத் உபாசகர் என்று அழைக்கிறேன்.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் அந்த வகை. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, பிராவிடண்டு பண்டு கைக்கு வந்த மாதத்திலே, சம்சாரம் காசி யாத்திரைக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்க, உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் நாலரை அடி லேத் ஒன்று மழையில் நனைந்து கிடக்கக் கண்டு, அனாதைக் குழந்தையைக் கண்டவர்போல் உள்ளம் உருகி, எடைக்கு விலை பேசி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கார் கொட்டகையில் இன்று லேத் வாசம் செய்கிறது. கார் வேப்பமரத்தடியில் நின்று காக்கைகளின் அபிஷேகத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

தாம் செய்வதை ரிப்பேர் என்று யாரேனும் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அது ஜீர்ணோத்தாரணம். முதல் மூன்று மாதம் துருவோடு யுத்தம். நட்டு, போல்ட்டு, பல்சக்கரம் யாவும் மண்ணெண்ணெயில் ஊற, வாளிகள் போதாமல், மாவடு போட வைத்திருந்த பீங்கான் ஜாடியும் பட்டறைக்குப் போய்விட்டது. ஊறவைப்பதற்கென்றே பிறந்த ஜாடியில் எது ஊறினால் என்ன என்பது அவர் கட்சி.

லேத்தின் பெட் என்னும் வார்ப்பிரும்புப் பாதை முழுதும் ஒரே சீராகத் தேய்வதில்லை. பெரும்பாலான வேலை, இரும்பைக் கவ்விச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்திலேயே நடப்பதால் அந்த ஓரம் தேய்ந்துபோக, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் நிற்கும் கோடி புதுக்கருக்கு அழியாமல் இருக்கும். சன்னிதி வாசற்படி குழிந்திருக்க, பின்பிராகாரத்துக் கல் சொரசொரப்பாகவே இருப்பதில்லையா, அதுபோல. அந்தத் தேய்மானம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு இருந்தாலும் உபாசகருக்கு உறக்கம் போய்விடும். துல்லியமாகச் சமன் செய்த இரும்புக் கட்டையில் பிரஷ்யன் நீலத்தை மெல்லப் பூசி, பெட்டின்மேல் தேய்த்து, நீலம் ஒட்டிய மேடுகளை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டி, துடைத்து, மறுபடி பூசி, மறுபடி சுரண்டி, இப்படியே ஆறு மாதம் கழிந்தது. அந்த நீலம் லேசில் போகிற வஸ்து அல்ல. தயிர்ப் பாத்திரம், சுவிட்சுப் பலகை, பூஜையறைக் கதவு என்று அது சஞ்சரிக்காத இடமில்லை.

"ஏனுங்க, பேரன் கன்னத்துல இதென்னங்க நீலம்?" என்று ஒருநாள் அம்மாள் கேட்க, அவர் குழந்தையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீலம் ஒட்டுச்சுன்னா அந்த இடம் மேடுன்னு அர்த்தம்," என்றார்.

லேத்தோ அங்குலக் கணக்கில் பிறந்தது. நம் தேசத்தில் மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டபடியால், அதில் மில்லிமீட்டர் மரையும் வெட்டியாக வேண்டும். அதற்கு 127 பல் கொண்ட சக்கரம் ஒன்று அவசியம். ஐந்து அங்குலம் என்பது மிகச் சரியாக 127 மில்லிமீட்டர். 127 பகா எண்ணாதலால், அதைவிடச் சிறிய சக்கரம் எதுவும் அதன் ஸ்தானத்தில் இருந்து பூரணமான கணக்குத் தராது. அந்தச் சக்கரத்துக்காக அவர் ஏறி இறங்காத பட்டறை இல்லை. துக்கம் விசாரிக்கப் போன ஒரு வீட்டிலே, காலமானவர் டர்னராக இருந்தவர் என்று கேள்விப்பட்டதும், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அவரு பெட்டியில நூத்து இருபத்தேழு பல்லு வீல் ஏதாவது..." என்று இழுத்தவர் அவர்.

இப்பேர்ப்பட்டவரிடம் நான் போனது என் கிரகசாரம். எங்கள் வீட்டுக் கிரைண்டரில் குழவி அச்சின் புஷ் தேய்ந்துவிட்டது. ஊரோ கிரைண்டருக்குப் பேர்போனது. எந்தக் கடையிலும் புஷ் கிடைத்திருக்கும். எதிர்வீட்டில் லேத் இருக்கையில் கடைக்குப் போவது மரியாதையல்ல என்று எண்ணி, ஆடி மாதத்தில் தேய்ந்த புஷ்ஷை அவர் கையில் கொடுத்தேன்.

"வெச்சுட்டுப் போங்க. பெட் சரியாகட்டும், முதல் வேலை உங்களுதுதான்."

ஆயுத பூஜையன்று லேத்துக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. சக் பொருந்திய ஹெட்ஸ்டாக்கின்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை நெட்டுக்குத்தாக நிறுத்திவிட்டு சுவிட்சைப் போட்டார். சக் சுழன்று வேகம் பிடித்து, ஒரு மங்கலான வெள்ளி வட்டமாக மாறிற்று. நாணயம் நின்றது நின்றபடி இருந்தது. பொய் சொல்வானேன், எனக்கே ஒரு க்ஷணம் மெய் சிலிர்த்துவிட்டது. அந்தப் பரவசத்திலேயே புஷ்ஷை ஞாபகப்படுத்தினேன். அவர் முகம் வாடியது. "டெயில்ஸ்டாக் ஆயிரத்துல ரெண்டு உசரமா நிக்குதுங்க. இப்ப வேலை செஞ்சா அது துரோகம்."

தை பிறந்தது. என் சம்சாரம் என்னைக் கேட்காமலே தெருமுனைப் பட்டறைக்குப் போனாள். அங்கே கம்பியால் தைத்த பெல்ட்டோடு, மலைப்பாதை பஸ்போல் குலுங்கிக்கொண்டிருந்த ஒரு லேத்தில், இருபது வயதுப் பையன் ஒருவன் ஃபோனில் பேசிக்கொண்டே கால் மணி நேரத்தில் புதுப் புஷ் கடைந்து கொடுத்தான். எண்பது ரூபாய். அன்றிரவே மாவு வெண்ணெயாய் அரைபட்டது.

மறுநாள் காலையில் உபாசகர் மைக்ரோமீட்டரோடு வந்து நின்றார். செய்தி எப்படியோ எட்டிவிட்டது. புஷ்ஷைக் கழற்றச் சொன்னார். வேட்டித் தலைப்பால் துடைத்து, நாலு திசையிலும் அளந்தார். அளக்க அளக்க அவர் முகத்தில் ஒரு திவ்யமான சாந்தி படர்ந்தது.

"நெனச்சேன். ஓவலா இருக்குது. ஆயிரத்துல மூணு." புஷ்ஷைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இதைப் போட்டு நீங்க மாவரைக்கிறதைப் பார்த்துட்டு நான் எதுத்த வீட்டுல சும்மா இருக்க முடியாதுங்க."

பங்குனி பாதி போய்விட்டது. பழைய புஷ், புதுப் புஷ் இரண்டும் அந்த மாவடு ஜாடியில் ஜோடியாக ஊறிக்கொண்டிருக்கின்றன. நாங்கள் பாக்கெட் மாவு வாங்குகிறோம், கொஞ்சம் புளிப்பு.