தெற்குக்கு ஒரு மூன்று கல் மூக்குத்தி

பிலாய், ரூர்கேலா, துர்காபூர் என்று 1950-களிலேயே சர்க்கார் உருக்காலைகள் மூன்று வரிசையாக எழும்பிவிட்டன. தெற்கே பத்ராவதியில் மைசூர் மகாராஜா காலத்து ஆலை ஒன்று புகைந்துகொண்டிருந்ததே தவிர, டெல்லி கட்டிக் கொடுத்தது என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ‘எங்களுக்கும் ஒன்று’ என்று மூன்று மாநிலங்கள் ஒரே நேரத்தில் கையைத் தூக்கின.

மூன்றின் ஜாதகத்தையும் விரித்தார்கள். சேலத்துக்குக் கஞ்சமலை இருந்தது. மலை நிறைய இரும்பு, ஆனால் தாதுவில் தரம் கம்மி. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை வைத்து உருக்கிவிடலாம் என்று சமாதானம் சொன்னார்கள். மைசூர் மாநிலத்து ஹோஸ்பேட்டில் நல்ல தாது குவிந்து கிடந்தது. கடல்தான் எட்டாத தூரம். விசாகப்பட்டினத்தில் அருமையான துறைமுகம் இருந்தது. தாது மட்டும் பைலதிலாவிலிருந்து ரயிலேறி வரவேண்டும். பத்துப் பொருத்தமும் யாருக்கும் இல்லை. எஃகு இலாகா ஒரு சமயம் நம்ம சி. சுப்பிரமணியத்திடம் இருந்தது, பிறகு ஆந்திரத்து சஞ்சீவ ரெட்டியிடம் போனது. ஆலை மட்டும் யார் கைக்கும் வரவில்லை.

கடைசியில் ஆங்கில-அமெரிக்க நிபுணர் குழு ஒன்று சுற்றிப்பார்த்துவிட்டு 1965-ல் விசாகப்பட்டினத்துக்கு வெற்றிலை பாக்கு மாற்றியது. ஆந்திரம் மேளத்துக்குச் சொல்லி அனுப்புவதற்குள் டெல்லி பெட்டியைத் திறந்து காட்டியது. பெட்டி காலி. 1966 ஜூனில் டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50-க்குத் தாவியிருந்த நேரம் அது.

ஆந்திரம் கொதித்தது. அந்த அக்டோபரில் அம்ருத ராவ் என்பவர் விசாகப்பட்டினத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். ‘விசாக உக்கு, ஆந்த்ருல ஹக்கு’ என்ற கோஷம் மாநிலம் முழுக்கப் பரவியது. ‘உக்கு’ நம் உருக்குக்கு ஒன்றுவிட்ட தம்பி; ‘ஹக்கு’ என்றால் உரிமை. நவம்பர் 1-ந் தேதி, ஆந்திரப் பிரதேசம் பிறந்த அதே நாளில், விசாகப்பட்டினத்தில் போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தில் 32 பேர் செத்தார்கள் என்று ஆந்திரம் இன்றும் கணக்குச் சொல்கிறது. இந்த இடத்தில் சிரிக்க எதுவும் இல்லை.

1967-ல் இங்கே ஆட்சிக்கு வந்த அண்ணா, சேலம் உருக்காலைக்கும் சேதுக் கால்வாய்க்கும் சேர்த்து ‘எழுச்சி நாள்’ கொண்டாட வைத்தார். தமிழ்நாடு முறையாக எழுந்தது. டெல்லி எழவில்லை.

டெல்லியை எழுப்பியது 1969. காங்கிரஸ் இரண்டாக உடைந்து இந்திரா காந்திக்குப் பெரும்பான்மை போனது. அவர் நாற்காலிக்கு முட்டுக் கொடுத்தவர்களில் தி.மு.க.வின் 25 எம்.பி.க்களும் இருந்தார்கள். நாற்காலி ஆடும்போதுதான் நிலவியல் அறிவு பெருகும் போலும். கஞ்சமலைத் தாதுவின் தரம் திடீரென்று யார் கண்ணையும் உறுத்தவில்லை. 1970 ஏப்ரல் 17 அன்று நாடாளுமன்றத்தில் பிரதமர் அறிவித்தார்: விசாகப்பட்டினம், ஹோஸ்பேட், சேலம், மூன்றுக்கும் ஆலை! ஒரு வடையை மூன்றாகப் பிய்க்க முடியாமல் திணறியவர்களுக்கு மத்தியில், மூன்று இலையிலும் ‘வடை’ என்று எழுதிவைத்துவிட்டுப் போன சாமர்த்தியம் அது.

பிறகு கல் நடும் திருவிழா. 1970 செப்டம்பரில் சேலம், 1971 ஜனவரியில் விசாகப்பட்டினம், அக்டோபரில் ஹோஸ்பேட் பக்கத்துத் தோரணகல்லு. மூன்றையும் நட்டவர் இந்திராவே. நடுவில் ஒரு பொதுத்தேர்தல் வந்து போனது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். தெற்கின் மூக்கில் மூன்று கல் மூக்குத்தி ஜொலித்தது. தங்கம் மட்டும் பின்னால் வரும் என்றார்கள்.

எப்போது வந்தது? விசாகப்பட்டினத்தில் முதல் ஊதுலை பற்றவைக்க 1990 ஆனது. ஆலையை நாட்டுக்கு அர்ப்பணித்தவர் ஓர் ஆந்திரப் பிரதமர், நரசிம்ம ராவ், 1992-ல். தோரணகல்லுவின் கல் இருபது வருஷத்துக்கு மேல் வெயில் காய்ந்தது. ஊர்ப் பெயரிலேயே ‘கல்லு’ இருந்த ராசியோ என்னவோ. கடைசியில் 1990-களில் அங்கே ஆலை போட்டது சர்க்கார் இல்லை, ஜிண்டால்.

நம் சேலம் முந்திக்கொண்டது. 1981-லேயே ஆலை ஓடத் தொடங்கியது. ஆனால் வெளியிலிருந்து வந்த எஃகுச் சுருளை வாங்கி, மெல்லிசாகத் தேய்த்து, எவர்சில்வர் தகடாக்கி அனுப்பும் ஆலை அது. வெளியூரில் மாவரைத்து வாங்கி தோசை மட்டும் ஊற்றுகிற ஓட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோசை பிரமாதம், அதில் குறை சொல்ல முடியாது. நம் வீட்டு டம்ளர் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பது அந்தத் தகட்டால்தான். 1990-களில் நாணயத்துக்கு வில்லை வெட்டும் இயந்திரமும் வந்தது. ஆலை கேட்ட ஊருக்குச் சில்லறை. எஃகை உருக்கும் உலை வந்து சேர 2010 ஆனது. அதுவரை, கிட்டத்தட்ட முப்பது வருஷம், எதையும் உருக்காமலே ‘உருக்காலை’ என்ற பெயரைக் காப்பாற்றிய ஆலை உலகத்தில் வேறு இருந்தால் சொல்லுங்கள்.

இத்தனை அமர்க்களத்துக்கும் காரணமான கஞ்சமலை? ஆலைக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது. அடிவாரத்தில் சித்தர் கோயில். அமாவாசைக்குக் கூட்டம் நெரியும். மனு, ஊர்வலம், எழுச்சி நாள், பிரதமர் கையால் ஒரு கல், எல்லாம் நடந்தும் அந்த ஆலைக்கு மலை ஒரு கூடைத் தாதுகூடக் கொடுக்கவில்லை.

பெயர் வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். கஞ்ச மலை.