மூன்று கப்பலும் ஒரு வண்டிச் சக்கரமும்

வானம் பார்த்து மிளகாய் போடுகிற நாகலாபுரம் மாதிரி ஊரில் அண்ணாந்து பார்ப்பதே தொழில். சி.வி. ராமன் வீட்டாருக்கோ கப்பலேறினால்தான் மூளை ஓடும்.

1921. இங்கிலாந்திலிருந்து திரும்பும் ராமனுக்குக் கடலின் நீலம் உறுத்தியது. அது வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே பிரபு சொல்லிவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். ராமன் நர்குண்டா கப்பலில் நின்றபடி, நிக்கோல் பட்டகத்தைத் திருகி, பிரதிபலித்த ஒளியை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் கெட்டியானது. ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்று பார்க்கும் தளவிளைவுக் குசும்பு அன்றே குடும்பச் சொத்தாகிவிட்டது.

1930. அண்ணன் மகன் சந்திரசேகர், வயது 19, கப்பலிலேயே கணக்குப் போட்டார். செத்த விண்மீன் ஓர் எல்லைக்கு மேல் கனத்தால் தாங்காது. இன்றைய கணக்கில் அது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. 1935இல் லண்டன் வானியல் சபையில் மூத்த வானியலாளர் எடிங்டன் அதைக் கேலி பண்ணி அவரை உட்காரவைத்தார். விண்மீன்கள் எடிங்டனிடம் அனுமதி கேட்கவில்லை. பெரியவற்றின் கரு நொறுங்கி, ஊரளவு உருண்டையாகி, பூமியைப் போல் லட்சம் கோடி மடங்கு காந்தத்தோடு சுழன்று, ரேடியோ துடிப்பு அனுப்பிக்கொண்டிருந்தது. 1967இல் ஜோசலின் பெல் என்ற மாணவி அதைப் பிடித்தார்; பல்சர் என்று பெயர் வந்தது. நோபலை வாத்தியார் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது ஆள், ராமனின் மகன் ராதாகிருஷ்ணன். முனைவர் பட்டம் கிடையாது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பாய்மரப் படகிலேயே போன ஆசாமி. படகுக்குப் பெயர் சிக்னஸ் ஏ. வானத்தில் ரேடியோ கக்கும் ஒரு விண்மீன் மண்டலத்தின் பெயர். 1969இல் குக் என்பவரோடு சேர்ந்து, விநாடிக்குப் 11 சுற்றுப் போடும் வேலா பல்சரைப் பார்க்ஸ் தொலைநோக்கியில் ஆராய்ந்தார். அப்பன் புத்தி போகுமா? தளவிளைவைத்தான் பார்த்தார். ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் அதன் கோணம் ஒரே சீராகத் திரும்பியது.

விஷயம் மாட்டு வண்டிச் சக்கரத்தில் இருக்கிறது. குடத்திலிருந்து ஆரக்கால்கள் விரிகிற மாதிரி, காந்த முனையிலிருந்து விசைக்கோடுகள் விரிகின்றன. விண்மீன் சுழலும்போது நம் பார்வைக்கோடு குடத்தை ஒட்டிக் கடந்தால், ஆரக்காலின் சாய்வு மளமளவென மாறும்; தள்ளிக் கடந்தால் மெதுவாக. ஆக, கோணம் திரும்பும் வேகமே முனை எவ்வளவு ஒட்டிப் போகிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ரேடியோ கிளம்பும் இடம் காந்த முனைப் பக்கம்தான் என்பதற்கும் அதுவே சாட்சி. பல்சரைவிட நூறு, ஆயிரம் மடங்கு காந்தமுள்ள மேக்னட்டார்களிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

1996இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் ராதாகிருஷ்ணனுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதற்குள் அந்தக் கணக்கைப் போட்டே டாக்டராகிவிட்டவர்கள் பல ஊரில் வாத்தியாராக இருந்தார்கள்.