இறாலா, உல்லமா?

தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் திங்கட்கிழமை மீட்டிங்கை எடுத்த எடுப்பில் விற்பனைக் கணக்கோடு ஆரம்பிக்கக் கூடாதாம். முதல் ஐந்து நிமிடம் ஊழியர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம். கேள்விகளையும் அவர்களே சீட்டுச் சீட்டாக அச்சடித்து அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் கிளை இருப்பது கொல்கத்தா பவானிபூரில், ஜதுபாபு பஜார் பக்கம். இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடில் கிளம்பி இங்கேதான் வந்து நின்றது. அந்த நிலையத்துக்கு இப்போது நேதாஜி பவன் என்று பெயர். மொத்தமே 3.4 கிலோமீட்டர் ஓட்டம். அதற்குமேல் பேசாமல் உட்கார்ந்து வர இந்த ஊர்க்காரர்களால் முடியாது என்று கண்டுபிடித்திருப்பார்கள் என்பது என் ஊகம். திண்ணை, டீக்கடை, ஆபீஸ் மாடிப்படி, எங்கே இரண்டு பேர் நின்றாலும் 'அட்டா' என்கிற அரட்டை கூடிவிடும். சத்யஜித் ராயின் 'ஆகந்துக்' படத்தில் அட்டா வங்காளிகளின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று ஒருவர் பெருமையடிக்க, உத்பல் தத் கிரேக்கர்களை இழுத்து அவர் வாயை அடைப்பார். அந்தச் சண்டையே ஒரு நல்ல அட்டா. இப்பேர்ப்பட்டவர்களைப் பேசவைக்கத்தான் சீட்டு வந்திருக்கிறது.

முதல் சீட்டு: "நீங்கள் விலங்காக இருந்தால், எந்த விலங்கு?" எல்லோரும் வரிசையாக ராயல் பெங்கால் புலி ஆனார்கள். கணக்குப் பிரிவு தாதா மட்டும், "இருந்தால் என்ன, இருந்தால்? இப்போதே கழுதைதானே" என்றார். பிறகு ஒரே அமைதி. இந்த ஆபீஸில் அமைதியை அன்றுதான் பார்த்தேன்.

அமைதி தாங்காமல் வரவேற்பு மேசை தீதி என்னைப் பார்த்து, "அது கிடக்கட்டும், உங்களுக்கு இறாலா, உல்லமா?" என்றார். அவ்வளவுதான், நாற்காலிகள் எல்லாம் முன்னால் நகர்ந்தன. இறால் என்றால் மேற்கு வங்கத்துக் 'கோட்டி', மோகன் பாகன் கால்பந்து கிளப்பின் கட்சி. உல்லம் என்றால் கிழக்கு வங்கத்துப் 'பாங்கால்', ஈஸ்ட் பெங்கால் கட்சி. ஒருவர் 1911க்குப் போனார். அந்த வருஷம் மோகன் பாகன்காரர்கள், ஒருவர் தவிர மற்றவரெல்லாம் வெறுங்காலில் ஆடி, வெள்ளைக்காரப் படையணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயம் வென்றார்கள். "அப்போது எங்கள் கிளப் பிறக்கவே இல்லை, 1920க்கு அப்புறம் பேசு" என்றார் எதிர்க்கட்சி. இறால் மீனே இல்லை, பூச்சி என்றும் ஒரு குரல் வந்தது.

நான் தூத்துக்குடிக்காரன். எனக்குச் சீலாதான் மீன் என்றேன். கடல் மீனா என்று அறையே என்னை இரக்கத்தோடு பார்த்தது. "உங்கள் உல்லமும் கடலிலிருந்து ஆற்றுக்கு முட்டையிட வருவதுதானே?" என்று கேட்டேன்.

"என்ன மஷாய் சொல்கிறீர்கள்! கங்கைக்குள் வந்த பிறகுதான் அதற்கு ருசியே வருகிறது. நீங்கள்கூடத்தான் கடலோரத்திலிருந்து பவானிபூர் வந்திருக்கிறீர்கள், உங்களுக்கும் வரும்" என்றார் தாதா. அதுவரை என்னிடம் வவுச்சரைத் தவிர வேறெதையும் பற்றிப் பேசாத மனிதர். மறுநாள் கடுகு அரைத்துவிட்ட உல்லம் ஒரு டப்பாவில் என் மேசைக்கு வந்தது. முள்ளெடுக்கப் பக்கத்திலேயே நின்று சொல்லியும் கொடுத்தார்.

என்னைக் கேட்டால், கேள்விக்குக் கொஞ்சம் முள் இருக்க வேண்டும். யார் மனமும் கோணாத கேள்விக்கு யார் மனமும் திறப்பதில்லை.

நடந்ததெல்லாம் தலைமையகத்துக்கு எட்டிவிட்டது. அடுத்த வாரம் யாருக்கும் சண்டை வராத கேள்வியாகப் பார்த்து அனுப்பினார்கள்: "உங்களுக்குப் பிடித்த நிறம் எது?"

பச்சையும் மெரூனும் மோகன் பாகன். சிவப்பும் தங்கமும் ஈஸ்ட் பெங்கால். இதில் சிவப்பு, பச்சை, காவி என்று தேர்தல் கணக்கு வேறு தனியாக ஓடுகிறது. ஸ்டோர்ஸ் குஜராத்தி அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பத்திரமாக, "வெள்ளை" என்றார்.

"பாதிதான் சொல்கிறாய்" என்றார் தாதா. "கறுப்பையும் சேர். அது முகமதன் ஸ்போர்ட்டிங்."