விசுவாசத்துக்கு முழுப் புள்ளி

சேர், உங்கள் சேவைநலன் பாராட்டு விழாவுக்கு என்னால் வர முடியவில்லை. வந்திருந்தால் மேடையில் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

பதுளையில் பசறை பஸ் ஏறி, பாதியில் இறங்கி, தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் நடந்து, அடைமழையிலும் மணியடிக்கும் முன்னே வகுப்பில் நிற்பவர் நீங்கள். மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய ‘மடோல் தூவ’ நாவலை எங்களுக்குத் தமிழில் கதையாகச் சொன்னவரும் நீங்கள்தான். கதை நடக்கும் கொக்கலைக் களப்பை லயத்துப் பிள்ளைகள் நாங்கள் எங்கே கண்டோம்? ஆனாலும் அந்த ஒரு கிழமை முழுக்கக் கண்ணுக்குள் தண்ணீரும் தீவும்தான்.

கதை முடிந்ததும், “இதிலருந்து என்ன படிச்சீங்க?” என்று கேட்டீர்கள். விடையையும் நீங்களே கரும்பலகையில் எழுதித் தந்தீர்கள். கதாநாயகன் உபாலியை நிழல்போலத் தொடர்ந்த வேலைக்காரப் பையன் ஜின்னா, விசுவாசத்தின் இலக்கணம். யோசிக்கும் சிரமத்தை எங்களுக்கு வைக்கவில்லை. எல்லாக் கொப்பியிலும் அதே வசனம், எல்லாருக்கும் முழுப் புள்ளி. அவ்வளவு ஒற்றுமையான வகுப்பை நான் பிறகு பார்த்ததில்லை.

கடைசி வாங்கில் ஒருத்தி மட்டும் எழும்பினாள். “ஜின்னாவுக்குச் சம்பளம் குடுத்தாங்களா சேர்?” நீங்கள் கோபப்படவில்லை. உங்கள் பொறுமை தோட்டமே அறிந்தது. “கதையைக் கதையாப் பாரு புள்ள” என்று உட்கார வைத்தீர்கள்.

அந்தக் கதையைச் சொல்பவன் உபாலி. ஜின்னாவின் மனசைப் பற்றி நமக்குச் சொல்வதும் அவன்தான். வரமாட்டேன் என்றிருந்தால் ஜின்னா எங்கே போயிருப்பான்? போக்கிடம் இல்லாமல் கூட நிற்பவனும் மனமுவந்து கூட நிற்பவனும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். கிட்டப்போய்ப் பார்க்கும் தொல்லையிலிருந்து எங்களைக் காத்தவர் நீங்கள்.

அடுத்த தவணையில், என் பக்கத்தில் இருந்தவனைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். வயது 13. பிள்ளைகள் 14 வயதுவரை பள்ளிக்கூடம் வர வேண்டும் என்ற விதி 1998இலேயே வந்துவிட்டது. அதைச் சொல்லி அவன் அப்பாவைச் சங்கடப்படுத்தாத பண்பு உங்களுடையது. அவன் தலையில் கைவைத்து, “போற வீட்டுக்கு விசுவாசமா இரு” என்று வாழ்த்தினீர்கள். உங்கள் மாணவனல்லவா, சொல்லைக் காப்பாற்றினான். அவனுடைய அம்மாவின் சாவுக்கு அந்த வீட்டார் அவனை அனுப்பவில்லை. அவன் கேட்கவும் இல்லை. வேலைக்கு வைக்கும் வயதை 16 ஆக்கிய சட்டம் 2021இல் வந்தபோது அவனுக்கு மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது.

அந்தக் கடைசி வாங்குக்காரி தன் கேள்வியைக் கொப்பியிலும் எழுதி வைத்திருந்தாள். போன மாதம் எடுத்துக் காட்டினாள். கேள்வியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், ‘பாடத்துக்குப் புறம்பானது.’

முத்து முத்தான எழுத்து, சேர். இத்தனை வருஷமாகியும் மை மங்கவே இல்லை.